நடைக் கையேட்டுக்கு ஏழு கையெழுத்து

இயற்பியல் பேராசிரியர் கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் விரலை வைத்து அழுத்தியபோது, எதிரே நின்ற 'ஒரேமாதிரி'க்குத் தன் தொப்புளிலேயே யாரோ விரலை வைத்து அழுத்துவது போலிருந்தது.

"இது என்னய்யா விதி? ஒன்று முதல் பத்து வரை எழுத்தால் எழுதுக, பதினொன்று முதல் எண்ணால் எழுதுக. என் ஆய்வுக்கூடத்துக்கு நீளம் பதினோரு மீட்டர், அகலம் மூணு மீட்டர். நீளத்தை எண்ணுல எழுதணும், அகலத்தை எழுத்துல எழுதணும், அப்படித்தானே?"

"அப்படித்தான் சார்."

"படிக்கிறவன் கூடத்தை அளப்பானா, என் மூளையை அளப்பானா?"

ஒரேமாதிரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பல்கலைக்கழகத்தின் பதிப்புப் பிரிவில், மாடிப்படிக்குக் கீழே, நகலெடுக்கும் இயந்திரத்தின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாத்தையும் ஒரே மாதிரி எழுதுங்க சார், ஒரே மாதிரி எழுதுங்க மேடம்" என்று ஒன்பது வருஷமாக அவர் கரடியாய்க் கத்தியதில் ஒட்டிக்கொண்ட பெயர். பதவி, துணைப் பதிப்பாசிரியர். தற்காலிகம்.

தற்காலிகம் என்றால் ஏதோ ஆறு மாத சமாசாரம் என்று எண்ணிவிட வேண்டாம். பதினோரு மாதம் வேலை, ஒரு நாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். இப்படியே ஒன்பது வருஷம். அந்த இடைவெளி நாளில் சட்டப்படி அவர் வேலையில்லாத மனிதர். மாமனாருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, சரியாக அந்த நாள் பார்த்துத்தான் போன் செய்வார்.

"என்ன மாப்பிள்ளை, வேலையில இருக்கீங்களா? நேரம் கெட்ட நேரத்துல கூப்பிட்டுட்டேனா?"

இந்த முறை விடிவு காலம் வந்தது, அதுவும் துணைவேந்தரின் கோபத்தின் மேல் ஏறி வந்தது. விருந்தினருக்கென்று அச்சடித்த நாலு பக்கத் துண்டு ஏட்டில், அட்டையில் அவர் 'பேராசிரியர்', இரண்டாம் பக்கத்தில் 'முனைவர்', மூன்றாம் பக்கத்தில் 'துணைவேந்தர்', கடைசிப் பக்கத்தில் வெறும் 'திரு'. ஏட்டைப் பார்த்த விருந்தினர் கைகுலுக்கிவிட்டு, "மத்த மூணு பேரும் எப்போ வர்றாங்க?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாளே ஒரேமாதிரி துணைவேந்தர் அறையில் நின்றார்.

"ஒன்பது வருஷமா நீதானே சொல்லிட்டிருக்கே? எழுது. இந்தப் பல்கலைக்கழகத்துல எது அச்சானாலும் எப்படி எழுதணும்னு ஒரு கையேடு. ஒரு மாசம். குழுவுல ஏழு பேராசிரியர்கள். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டா, அன்னைக்கே உன் வேலை நிரந்தரம்."

"ஆறு பேர் போட்டா சார்?"

"ஆறு பேர் போட்டா பதிப்பு வேலையை வெளியாளுக்கு விட்டுடுவேன். நீ நிரந்தரமா இடைவெளியில இருக்கலாம்."

ஒரேமாதிரி நாற்பது பக்கத்தில் கையேட்டை எழுதி முடித்தார். நூற்றிரண்டு விதிகள். ஒவ்வொரு விதியும் ஒரே அளவு, ஒரே இடைவெளி, ஒரே பணிவு. அதை எடுத்துக்கொண்டு முதலில் போன இடந்தான் இயற்பியல்.

"சார், உங்க துறைக்கு மட்டும் ஒரு விலக்கு போட்டுடறேன். அறிவியல் அளவுகள் எல்லாம் எண்ணால. சரியா?"

"அது நியாயம். அப்படிப் போட்டுட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

ஒரு சிறிய விலக்கு. கடலில் ஒரு சொட்டு. அச்சகக்காரருக்குப் போன் போட்டார். அச்சகக்காரர் நாற்பது வருஷமாக அச்சு மையிலேயே குளித்து எழுந்தவர். வானம் இடிந்து விழுந்தாலும் "சரிங்க" என்பார்.

"நிறுத்துங்க! பதினேழாம் பக்கத்துல ஒரு வரி கூடுது."

"சரிங்க."

விலக்குச் செய்தி ஒரேமாதிரிக்கு முன்னாலேயே வரலாற்றுத் துறைக்குப் போய் உட்கார்ந்திருந்தது. வரலாற்றுப் பேராசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இயற்பியலுக்கு விலக்காமே?"

"சின்னதுதான் மேடம்."

"எங்க நூற்றாண்டு என்ன பெரிசா? 'பதினெட்டாம் நூற்றாண்டு'ன்னு எழுத்துல எழுதினாத்தான் அதுக்கு ஒரு கம்பீரம். 18ன்னு போட்டா பஸ் நம்பர் மாதிரி இருக்கு."

வரலாற்றுக்கு ஒரு விலக்கு. "நிறுத்துங்க." "சரிங்க." வரலாற்றுக்குக் கொடுத்ததால் புள்ளியியலுக்கு ஒன்று. புள்ளியியலைப் பார்த்துப் பொறியியல். மருத்துவத்துக்கு மூன்று. மொழித்துறைப் பேராசிரியர் மட்டும் விலக்கு கேட்கவில்லை. மற்றவர்களின் விலக்குகளில் இருந்த வாக்கியங்களைப் பச்சை மையால் திருத்திக் கொடுத்தார்.

சட்டத்துறைத் தலைவரிடம் வந்தபோது கையேடு நூற்றிருபது பக்கமாகியிருந்தது. அவர் முழுவதையும் புரட்டிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, விலக்கு எல்லாம் சரி. எந்த விலக்கு எங்கே பொருந்தும்னு சண்டை வந்தா யார் தீர்ப்பு சொல்றது?"

"அது... யாரும் சண்டை போட மாட்டாங்க சார்."

சட்டத்துறைத் தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் இப்படியொரு வாக்குமூலத்தை அவர் கேட்டதில்லை. "விலக்குகளுக்கு ஒரு விளக்கம் போடு. விளக்கத்துக்கு ஒரு வரையறை போடு. வரையறைக்கு ஒரு பின்னிணைப்பு போடு. அப்புறம் வா."

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது ஒரேமாதிரியின் முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. குழந்தைகள் மருத்துவமனையில் தாதியாக இருக்கும் மனைவி, சீருடைகூட மாற்றாமல் கூடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள். சோபாவில் மாமனார். மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது என்ற சேதி காதில் விழுந்த மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். "நல்ல சேதியை நேர்ல கேக்கணும் மாப்பிள்ளை. போன்ல கேட்டா நம்பிக்கை வர மாட்டேங்குது."

"ஏங்க, சமையலறையில என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஏன்? நேத்து உக்காந்து எல்லா டப்பாவையும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே மூடின்னு மாத்தி அடுக்கினேனே. கண்ணுக்கு அழகா இல்லையா?"

"அழகாத்தான் இருக்கு. அப்பா டீயில உப்பைப் போட்டுக் குடிச்சுட்டார்."

"மூணு ஸ்பூன்," என்றார் மாமனார் சோபாவிலிருந்து.

"பேர் ஒட்டியிருக்கேனே!"

"ஒட்டியிருக்கீங்க. பூதக்கண்ணாடி வெச்சுப் படிக்கிற மாதிரி, எல்லாத்துக்கும் அடியில ஒட்டியிருக்கீங்க. உப்புன்னு தெரியணும்னா டப்பாவைத் தலைகீழாக் கவுக்கணும். கவுத்தா உப்பு தரையில. அப்புறம் படிக்கவே வேண்டாம், பாத்தாலே தெரியும்."

"முகப்புல ஒட்டினா சீர் கெட்டுடும்னுதான்..."

"உங்க சீரும் சிறப்பும் ஆபீஸோட நிக்கட்டும். நான் ஒரு வார்டுல முப்பது குழந்தைங்களைப் பாக்கறேன். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கறதில்ல. ஒண்ணுக்குக் குடுக்கற மருந்தை இன்னொண்ணுக்குக் குடுத்தா என் கையில விலங்கு. அந்த ஏழு பேர்கிட்ட எப்படியாவது கையெழுத்தை வாங்குங்க. அதுக்கு மேல என்ன எழுதியிருந்தா யாருக்கு என்ன?"

"எழுதினதுக்குத்தானே கையெழுத்து!" என்றார் ஒரேமாதிரி, அடிபட்ட குரலில்.

மறுநாள் மருத்துவத்துறைத் தலைவர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். விஷயம் பட்டங்கள். முதல்முறை பெயர் வரும்போது பட்டத்தோடு எழுதுக, பிறகு பட்டமின்றி எழுதுக என்பது ஐம்பத்தாறாம் விதி.

"முதல் வரியில நான் டாக்டர். ரெண்டாவது வரியில என் டாக்டரை யார் பிடுங்கினது? ரெண்டு வரிக்கு நடுவுல நான் என்ன, யாரையாவது கொன்னுட்டேனா?"

"அப்படி இல்ல சார்..."

"ஒவ்வொரு தடவையும் வரணும். எல்லாருக்கும்."

எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் வரும்படி ஐம்பத்தாறாம் விதி திருந்தியது. விதிப்படியே மாதிரிக்காகத் துணைவேந்தரின் வாழ்க்கைக் குறிப்பைத் திருத்தி அனுப்பினார். ஒரே பக்கத்தில் முப்பத்தொரு இடத்தில் 'பேராசிரியர் முனைவர்' வந்தது. அரை மணியில் உள்தொடர்பு மணி அடித்தது.

"ஏன்யா, என்னை ஏலம் போடறியா? 'பேராசிரியர் முனைவர் அவர்கள் பிறந்தபோது'ன்னு எழுதியிருக்கே. பொறக்கும்போதேவா?"

பிறப்புக்கு ஒரு விலக்கு. "நிறுத்துங்க." "சரிங்க."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மூன்றாம் பக்கம்தான் அவர் குடியைக் கெடுத்தது.

மூன்றாம் பக்கத்தில் இருந்தது குழு உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியல். ஏழு பெயர். அவ்வளவுதான். முதலில் பணி மூப்பின்படி போட்டார். வரலாற்றுப் பேராசிரியை முதலிடம்.

"என்னை மேல போட்டதுக்கு நன்றி. கூடவே என் வயசையும் ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டீங்க."

அகர வரிசைக்கு மாற்றினார். சட்டத்துறைத் தலைவர் ஏழாவது இடத்துக்கு இறங்கினார். தன் பெயர்ப்பலகையைக் கழற்றி மேஜைமேல் வைத்து, அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஒரேமாதிரியைப் பார்த்தார். அந்தத் துடைப்பிலேயே இவர் அகர வரிசையைக் கைவிட்டார்.

துறைகளின் வரிசைப்படி போட்டார். எந்தத் துறை முதலில் தொடங்கியது என்பதில் மொழித்துறைக்கும் மருத்துவத்துக்கும் முப்பது வருஷத்துப் பகை இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஆழ யோசித்து, வட்டம் போட்டார். வட்டத்துக்கு முதல் ஏது, கடைசி ஏது? ஏழு பெயரையும் பூமாலை மாதிரி வட்டமாகச் சுற்றி அடுக்கினார். அவருடைய ஒன்பது வருஷ வாழ்க்கையில் இவ்வளவு நியாயமான பக்கத்தை அவர் வடிவமைத்ததில்லை.

புள்ளியியல் பேராசிரியர் அந்தப் பக்கத்தைக் கையிலெடுத்து, தானும் கழுத்தைத் திருப்பி, பக்கத்தையும் திருப்பி, கடைசியில் நாற்காலியோடு திரும்பினார்.

"ஏன்பா, நான் தலைகீழாத் தொங்கறேன்?"

"வட்டம் சார். கீழ வர்றவங்க..."

"மேல யாரு? பன்னிரண்டு மணி இடத்துல? இயற்பியல். அவர் நிமிர்ந்து நிக்கறார். நான் வௌவால்."

"பக்கத்தைத் திருப்பிப் பிடிச்சா நீங்க மேல வந்துடுவீங்க சார்."

"நான் திருப்பிப் பிடிப்பேன். ஊரு திருப்பிப் பிடிக்குமா?"

வெள்ளிக்கிழமை மதியம். திங்கட்கிழமை கெடு. கையெழுத்து ஒன்றுகூட இல்லை. ஒரேமாதிரி நகலெடுக்கும் இயந்திரத்தின்மேல் தலையைச் சாய்த்து ஐந்து நிமிஷம் இருந்தார். எழுந்தபோது முகத்தில் ஒரு தெளிவு. கிணற்றுக்குள் விழுந்தவனுக்கு நட்சத்திரம் தெரியுமாமே, அந்த மாதிரித் தெளிவு.

அச்சகத்துக்குப் போன் போட்டார். "ஐயா, மூணாம் பக்கத்தை ஏழு விதமா அடிச்சுடுங்க. ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒரு புத்தகம். அவரவர் புத்தகத்துல அவரவர் மேல."

"ஏழு விதமாங்க?"

"ஏழு விதமா."

"சரிங்க."

போனை வைத்துத் திரும்பினால், பின்னால் பதிவாளர். நகலெடுக்க வந்தவர். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு சொல்ற புத்தகத்தை... ஏழு மாதிரியா அடிக்கிறீங்க?"

இதைக் கேட்ட பிறகுதான் ஒரேமாதிரிக்கே அது உறைத்தது. வாயைத் திறந்தார். ஒரு விலக்கும் வரவில்லை.

"இன்னையிலிருந்து நீங்க அந்தப் புத்தகத்தைத் தொடக்கூடாது," என்றார் பதிவாளர். "தொட்டாத் திருத்துவீங்க. பாத்தாலே திருத்துவீங்க. அதனால பாக்கவும் கூடாது. ஒரே ஒரு பிரதி. அச்சகத்திலிருந்து நேரா தபால் அக்கா கைக்கு. அவங்க சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல ஏழு வீட்டுக்கும் சுத்தி வரட்டும். மேல அவங்களே ஒரு சுற்றுத்தாள் குத்தி வெக்கட்டும். கருத்து எழுத ஒரு கட்டம், கையெழுத்துக்கு ஒரு கட்டம். திங்கட்கிழமை ஆனது ஆகட்டும்."

ஒரேமாதிரி மறுபடி அச்சகத்தைக் கூப்பிட்டார்.

"நிறுத்துங்க! ஏழு வேண்டாம். ஒண்ணு போதும்."

"ஒண்ணு போதும்ங்களா? சரிங்க."

"நாளைக்குக் காலையில தபால் அக்கா வருவாங்க. புத்தகம் கைக்குக் குடுத்தாகணும். கெட்டி அட்டையோட. இது பதிவாளர் உத்தரவு."

"புத்தகம்தானேங்க? குடுத்துடலாம்."

நாற்பது வருஷத்தில் அச்சகக்காரர் வாக்குத் தவறியதில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தபால் அக்கா போன் செய்தார். பல்கலைக்கழகத்தின் அத்தனை கட்டிடங்களுக்கும் இருபது வருஷமாகத் தபால் சுமப்பவர்; துணைவேந்தரிலிருந்து தோட்டக்காரர்வரை அவருக்குத் தம்பி, தங்கைதான்.

"சார், வந்துடுச்சு. நீல அட்டை. தங்க எழுத்து. செங்கல் கனம்."

"அக்கா, மூணாம் பக்கத்தை மட்டும் பிரிச்சுப் பாத்து..."

"வைக்கறேன் சார்."

ஞாயிறு காலை வரை ஒரேமாதிரி பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை. சவரத்துக்கு பிளேடு வாங்கி வருகிறேன் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு, புள்ளியியல் பேராசிரியர் வீட்டு மதில் ஓரம் போய் நின்றார். உள்ளே புத்தகம் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. இருபது நிமிஷம் கழித்துத் தபால் அக்கா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அக்கா!"

அக்கா அரண்டு ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டார். "அட கடவுளே! பிரசவ வார்டுக்கு வெளிய நிக்கிற அப்பன்காரன் மாதிரி இங்க என்ன பண்றீங்க?"

"படிச்சாரா அக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்? கதவைச் சாத்திக்கிட்டார். எல்லாருமே வாங்கினதும் கதவைச் சாத்திக்கிறாங்க. வெளிய வரும்போது மூஞ்சியெல்லாம் தெளிவா இருக்கு."

"தெளிவாவா? கோபமா இல்லையா? ஒண்ணும் திட்டலையா?"

"ஒரு சொல் சொல்லல."

"மூணாம் பக்கம் மட்டும், ஒரே ஒரு தடவை, நீங்களே பிடிச்சுக்குங்க, நான் எட்ட நின்னு..."

"பதிவாளர் என்ன சொன்னார்? நீங்க பாத்தா என் சீட்டைக் கிழிச்சுடுவேன்னார். உங்க வேலை நிரந்தரமாகறதுக்கு என் வேலை போகணுமா? போங்க, வீட்டுக்குப் போய் ரெண்டு டம்ளர் தண்ணி குடிங்க."

ஸ்கூட்டர் போய்விட்டது. ஒரேமாதிரி பிளேடு வாங்க மறந்து வீட்டுக்குப் போனார். மாமனார் அவரது வெறுங்கையைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். "கடையும் இடைவெளியில இருக்கா மாப்பிள்ளை?"

திங்கட்கிழமை பதினோரு மணி. குழு அறையின் நீண்ட மேஜை. ஏழு பேராசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். யார் எங்கே உட்காருவது என்பதில் சண்டை வராததே நல்ல சகுனம் என்று ஒரேமாதிரி நினைத்துக்கொண்டார். மேஜை நடுவில் துணைவேந்தரின் கைக்கு அருகே நீல அட்டைப் புத்தகம். புத்தகத்துக்கும் ஒரேமாதிரிக்கும் நடுவே பதிவாளர் அரண் போல நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

துணைவேந்தர் சுற்றுத்தாளை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்தார். ஒரேமாதிரி மூச்சை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"இயற்பியல்: 'எண்களைப் பொறுத்தவரை ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லை. ஒப்புதல்.'"

ஒரேமாதிரி காதைத் தேய்த்துக்கொண்டார்.

"வரலாறு: 'எந்த நூற்றாண்டுக்கும் பொருந்தக்கூடிய நூல். யார் மனத்தையும் புண்படுத்தாதது. ஒப்புதல்.' மருத்துவம்: 'படிக்கும்போது கண்ணுக்குச் சிறிதும் அயர்ச்சி இல்லை. ஒப்புதல்.'"

மருத்துவத்துறைத் தலைவர் அடக்கமாகத் தலையாட்டினார்.

"பொறியியல்: 'ஒரே மூச்சில் முடித்தேன். ஒப்புதல்.' புள்ளியியல்: 'முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் இடையே எள்ளளவு வேறுபாடும் இல்லை. இதுவே சீர்மை. ஒப்புதல்.'"

"மூணாம் பக்கம்?" என்று ஒரேமாதிரி தன்னையறியாமல் முனகிவிட்டார்.

புள்ளியியல் பேராசிரியர் பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். "இப்போ எனக்கு எந்தக் குறையும் இல்ல தம்பி. யாரும் யாருக்கும் மேல இல்ல, யாரும் யாருக்கும் கீழ இல்ல. பிரமாதம்."

"சட்டம்," என்று துணைவேந்தர் தொடர்ந்தார். ஒரேமாதிரி கண்ணை மூடிக்கொண்டார். "'ஒவ்வொரு பக்கமாக ஆராய்ந்தேன். எதிர்வாதத்துக்கு இடமளிக்கும் ஒரு வாக்கியத்தைக்கூடக் காண முடியவில்லை. ஒப்புதல்.'"

கடைசியில் மொழித்துறை. பச்சை மை. ஆனால் ஒரே வரி. "'சொற்சிக்கனம் என்றால் இது! திருத்துவதற்கு எனக்கு எதையும் வைக்கவில்லை. ஒப்புதல்.'"

ஏழு கையெழுத்து. ஒன்பது வருஷத்தில் இந்த ஏழு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இதுதான் முதல்முறை. போன வருஷம் அறையின் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதிலேயே வாக்கெடுப்பு நடந்திருக்கிறது.

துணைவேந்தர் புத்தகத்தைக் கையில் எடுத்துத் தட்டிக்கொடுத்தார். "காலையில நானும் பாத்தேன். பாக்கப் பாக்க மனசே தெளிஞ்ச மாதிரி இருக்கு. இன்னையிலிருந்து இதுதான் நமக்குச் சட்டம். ஒவ்வொரு துறையும் இதைப் பாத்து, அப்படியே இது மாதிரி எழுதணும். பதிவாளர், இன்னைக்கே சுற்றறிக்கை அனுப்புங்க. இந்தப் புத்தகத்துல இல்லாத ஒரு வார்த்தை இனி இந்தப் பல்கலைக்கழகத்துல அச்சாகக்கூடாது."

"கொஞ்சம் குடுங்க சார், ஒரு தடவை தொட்டு..." என்று ஒரேமாதிரி கையை நீட்டினார்.

"தொடக்கூடாது," என்றார் பதிவாளர்.

துணைவேந்தர் சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் தன் கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்கு நடுவே நிறுத்திப் பூட்டினார். பிறகு பணி ஆணையில் கையெழுத்திட்டார். நிரந்தரம். ஒரே சொல். அடுத்து ஒரு விலக்கும் இல்லை.

கைதட்டினார்கள். மருத்துவத்துறைத் தலைவர் அவரை இரண்டு முறை 'டாக்டர்' என்று வாய்தவறி அழைத்தார். சட்டத்துறைத் தலைவர் முதுகில் தட்டினார். ஆணையை மடிக்க மனம் வராமல், தாலாட்டுகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஒரேமாதிரி வராந்தாவுக்கு வந்தார். வீட்டுக்குப் போன் போட்டார்.

"மாமா, நிரந்தரம் ஆயிடுச்சு!"

"ஏழு பேருமா போட்டாங்க?"

"ஏழு பேரும்! பாராட்டு வேற, பக்கம் பக்கமா!"

"படிச்சுட்டா போட்டாங்க?"

"படிக்காம எப்படி மாமா பாராட்டுவாங்க? இது பல்கலைக்கழகம்!" ஒரேமாதிரி ஆணையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "நான் எழுதின ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டிருக்காங்க."

போனை வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே படியேறி வந்துகொண்டிருந்தார் அச்சகக்காரர். விரல் நகமெல்லாம் கறுப்பு மை. கையில் அளவுகோல். ஒரேமாதிரி ஓடிப்போய் அந்த மைக்கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"ஐயா! உங்களை எத்தனை தடவை நிறுத்தச் சொல்லிப் படுத்தியிருப்பேன்! இந்த வேலை உங்களாலதான்யா கிடைச்சுது."

அச்சகக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வழக்கம்போல, "சரிங்க," என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"புத்தக முதுகு கனம் சரியா வருதான்னு நீங்க அளந்து பாக்கறதுக்காக, வெறும் வெள்ளைத்தாளை இருநூத்திப் பன்னெண்டு பக்கத்துக்குத் தைச்சு, அட்டை மாட்டிக் குடுத்து விட்டேனேங்க, அது சரின்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, இன்னைக்கே உள்ள எழுத்தை அச்சடிக்க ஆரம்பிச்சுடுவேன்."